அரை பிளேடு

தம்பியால் கன்னத்தை உப்ப வைக்க முடியவில்லை.

காற்றை உள்ளே நிறுத்தப் பார்த்தான். உதட்டோரமாகக் கசிந்து போனது. மூன்றாவது முறை விட்டுவிட்டான்.

அவன் காதுக்கு முன்னால் இடது கட்டை விரலை வைத்துத் தோலை மேலே இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

மணி இரண்டு. நான்கு மணிக்கு அவன் மனைவி மெர்சி மகள் ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அவனுடைய குடியைத் தாங்க முடியாமல் அவள் பிறந்த வீட்டுக்குப் போய் மூன்று வருடம். பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. அவளுக்குத் தெரிந்த அப்பா ஒரு போட்டோவில் இருக்கிறார். மழமழவென்று மழித்த முகம். அந்த முகத்தோடுதான் பிள்ளையைப் பார்ப்பேன் என்று என் தம்பி பிடிவாதமாக இருந்தான்.

பார்க்க வேண்டியவர்கள் இந்த வாரத்துக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஈரல் போய்விட்டது. ரத்தம் உறையாது. முகத்தில் பிளேடு படவே கூடாது, டிரிம்மர் மெஷின் போதும் என்றார். ஊசி குத்திய ஒரு புள்ளியிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கசிந்ததைத் துடைத்தவள் நான்.

மெஷின் ஓட்டினால் முள் நிற்கும் என்றான் தம்பி. பிள்ளைக்குக் குத்தும்.

அவனுடைய கத்தி எனக்குப் பழக்கம். கப்பலில் வேலை பார்த்தபோது ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய மடக்குக் கத்தி. அவனுக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு நான்தான் மழித்துவிட்டேன். கனமான இரும்பு. அதை நாம் இழுக்க வேண்டியதில்லை. கன்னத்தோடு ஏறக்குறையப் படுக்க வைத்தால் தன் கனத்திலேயே இறங்கும்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் அதைத் தோல் வாரில் தீட்ட ஆளில்லை. மழுங்கிவிட்டது. மழுங்கிய கத்தி முடியை இழுக்கும், தோலைக் கிழிக்கும்.

அதனால் சலூன்களில் வைத்திருக்கும் கத்தி ஒன்றை வாங்கினேன். பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகுவது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் பலூனில் பழகினேன். ஜெனிட்டாவுக்காக வாங்கி வைத்த பலூன்கள். ஊதி, நுரை தடவி, மழித்தேன். முதல் பலூன் உடனே வெடித்தது. பெரிய கத்திக்குப் பழகிய கை, இல்லாத கனத்தையும் தானே சேர்த்து அழுத்தியது.

கட்டிலில் இருந்தபடி அவன் சிரித்தான்.

“ஏக்கா, விளமீனுக்குச் செதில் எடுக்கியா?”

சிரிப்பு இருமலானது. அடங்கியதும் விரலைக் காற்றில் நகர்த்திக் காட்டினான். இதைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். நீள இழுப்பு கூடாது. ஒரு நகத்தளவு போய் எடுத்துவிட வேண்டும். பிளேடின் மூலை முதலில் படக்கூடாது, பட்டால் இறங்கிவிடும்.

நான்காவது பலூன் வெடிக்கவில்லை.

இப்போது அவன் முகம்.

அழுத்தவில்லை. கையில் கத்தியே இல்லை என்று நினைத்துக்கொண்டு நகர்த்தினேன். மெல்லிய சரசரப்பு கேட்டது. அது நின்றால் பிடி தவறிவிட்டது என்று அர்த்தம்.

நகத்தளவு. எடு. துடை.

நகத்தளவு.

தாடையில் தோலை எலும்பின் மேலிருந்து கழுத்துப் பக்கம் விலக்கிக்கொண்டேன். மேலுதட்டில் பிளேடின் மூலையைத் தூக்கிப் பிடித்தேன். குரல்வளைக்கு வந்தபோது அவன் எச்சிலை விழுங்காமல் இருந்தான். நான் மூச்சு விடாமல் இருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வெள்ளைத் துண்டை விரித்து அவனிடம் காட்டினேன். நுரை. முடி. ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

கையைத் தூக்கி என் தலையில் வைத்தான்.

“பாஸாயிட்ட.”

வெந்நீரில் நனைத்த துணியால் மிச்ச நுரையைத் துடைத்தேன். கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்த்தேன்.

நகம் நகமாகப் பார்த்ததில் நான் முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

கன்னம் இருந்த இடத்தில் குழி. உள்ளே இருக்கும் பல்வரிசையின் வடிவம் தோலுக்கு வெளியே தெரிந்தது. எல்லாம் மஞ்சள். போட்டோவில் இருந்தவர் இல்லை. காலையில் தாடியோடு படுத்திருந்தவனும் இல்லை.

கண்ணாடி கேட்டான்.

முதலில் சட்டையை மாற்றிவிடலாம் என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கையைக் கொண்டுபோய்க் கன்னத்தைத் தொட்டான். விரல்கள் குழிக்குள் இறங்கின. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன.

“திரும்ப வளர எத்தன நாளாகும்க்கா?”

பத்து நாள் என்றேன்.

மணி மூன்றரை.