பையில்லாத ஜிப்பா

கம்ப்யூட்டரில் காப்பி எடுத்த மெமரி கார்டு சட்டைப் பையில், எடுக்காதது பேண்ட் பையில். வீடியோக்காரர் இன்பராஜ் ஒருநாளும் மாற்றாத வழக்கம் அது. இன்று கல்யாணப் பெண் வீட்டார் எடுத்துக் கொடுத்த ஜிப்பாவில் பையே இல்லை. இரண்டு கார்டும் பேண்ட் பைக்குள் ஒன்றாகக் கிடந்தன. காலையில் அவசரத்தில் ஒன்றை உருவி, கேமராவில் செருகி, அதில் இருந்த பழைய பதிவை அழித்துவிட்டுப் படம்பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

முகூர்த்தம் நெருங்கும்போது போன் அதிர்ந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். நேற்று வளைகாப்பு நடந்த வீட்டுப் பெண், எழிலி.

"அண்ணா, விடியக்காலைல அப்பா போயிட்டாருண்ணா. நேத்து கடைசியா, என் வயித்தப் பாத்து, பொறக்கப்போற புள்ளைகிட்ட பேசுனாரே... அது பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கும்மா" என்றபடியே பைக்குள் கைவிட்டார். நேற்றைய கார்டுக்கு ஒரு முனை உடைந்திருக்கும். விரல் நான்கு முனைகளையும் தடவியது. எதுவும் உடையவில்லை. உடைந்த கார்டு கேமராவுக்குள் இருந்தது.

அழித்ததை மீட்டுத்தர ஆட்கள் உண்டு, அதன்மேல் புதிதாக எதுவும் பதிவாகாதவரை. இங்கே காலையிலிருந்து பதிவாகிக்கொண்டே இருக்கிறது. கார்டில் கடைசிக் கொஞ்சம் இடம்தான் மிச்சம். எழிலியின் அப்பா பேசியதும் நேற்றைய பதிவின் கடைசியில்தான்.

கார்டை மாற்ற ஒரு நிமிஷம் போதும்.

"தம்பி, தாலி கட்டுறத மட்டும் விட்டுறாதீங்க" என்றார் கல்யாணப் பெண்ணின் அப்பா, பக்கத்தில் வந்து. யாரோ "கெட்டி மேளம்!" என்று கத்தினார்கள். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்தை நோக்கிப் போனது. இன்பராஜின் கட்டைவிரல் பதிவை நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது.

"அண்ணா?" என்றாள் எழிலி.