தப்பாக வகுக்கும் பெட்டி

அணையின் மதகுகளை முப்பது வருடமாக இயக்கிவந்த கணினிக்கு இனி உதிரிபாகம் கிடைக்காது என்றானதும், அதன் செயலியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றை எழுதி, பழைய நிரலை அதற்குள் ஓடவிட்டாள் ஜெசிந்தா. முதல் நாளே மூன்றாம் மதகு சொன்னதைவிட ஒரு சாண் அதிகம் திறந்தது. கீழே துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணிகளை விட்டுவிட்டுக் கரையேறினார்கள். "பழைய பெட்டி ஒருநாளும் இப்படிச் செஞ்சதில்லம்மா" என்றார் மதகுக் காவலர் பெரியநாயகம். ஜெசிந்தா பழைய பெட்டிக்கும் தன் மென்பொருளுக்கும் ஒரே எண்களைக் கொடுத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான்காம் நாள் பிடிபட்டது. ஒரு வகுத்தலில் மட்டும் பழைய செயலி பிறந்ததிலிருந்தே விடையைக் குறைத்துச் சொல்லிவந்திருக்கிறது. நிரலை எழுதிய யாரோ அதைத் தெரிந்துகொண்டு, ஈடுகட்ட ஓர் எண்ணைக் கூட்டி வைத்திருந்தார். அவளுடைய மென்பொருளோ சரியாக வகுத்து, அதன்மேல் அந்த எண்ணையும் கூட்டிவிட்டது.

"சரியாப் போடுற கணக்கையா கெடுக்கப் போறே?" என்று போனில் கேட்டார் மேலாளர்.

"ஆமா சார். அது தப்பாப் போடுற மாதிரியே இதுவும் தப்பாப் போடணும்."

பிழையை எழுதிச் சேர்த்தாள். மதகு சொன்ன அளவுக்குத் திறந்து நின்றது. பெரியநாயகம் திரையைப் பார்க்கவில்லை. கீழே இறங்கிப்போய், துவைக்கும் துறையில் எத்தனை படி நனைந்திருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்தார்.

"இதுமாதிரி இன்னும் எத்தனை தப்பு உள்ள இருக்கும்மா?"

"தெரியலையேண்ணே" என்றாள். பழைய பெட்டியை மறுபடி இயக்கி, அடுத்த எண்ணைக் கொடுத்தாள்.