அக்காவின் பச்சைத் தண்ணீர்

மூன்று நாள் மூடிக்கிடந்த வானம் வெளுத்த காலையில், அஞ்சுகத்தின் இறால் குட்டை கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. அடிமண்ணில் இறால்கள் ஊர்ந்த தடம்கூடத் தெரிந்தது.

"எவ்ளோ சுத்தமா ஆயிருச்சு பாரு!" என்றான் கணவன் சிங்காரம்.

"சுத்தமா? தண்ணிக்குள்ள மிதந்த பொடிப் பாசி அத்தனையும் வெயில் இல்லாம செத்துப்போச்சுய்யா. இறாலுக்கு மூச்சு குடுத்ததே அதுதான்."

அறுபது நாள் வளர்த்த இறால். தண்ணீரில் காற்றைக் கலக்கும் எல்லா ஏரேட்டர்களையும் ஓடவிட்டு, அவள் வரப்பைத் தாண்டிப் போனாள். அந்தப் பக்கம் அக்கா செண்பகத்தின் பண்ணை. நிலம் பிரித்ததிலிருந்து இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

"அக்கா, உன் குட்டையில பாசி தப்பி இன்னும் பச்சையா இருக்குல்ல, அந்தத் தண்ணி வேணும். கொஞ்சம் விட்டாப் போதும், என் குட்டையில தானா பெருகிரும்."

செண்பகம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பெருகலேன்னா?"

"பெருகும்."

செண்பகம் மோட்டாரை இழுத்துவந்து தானே குழாயை மாட்டினாள்.

அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். மூன்றாம் நாள் மதியம் அஞ்சுகம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையை மெல்ல உள்ளே விட்டாள். முழங்கை நனைவதற்குள் உள்ளங்கை பச்சையில் மறைந்தது.

"இறால் உசிரோட இருக்காடி?" வரப்பில் நின்று கேட்டாள் அக்கா.

அஞ்சுகம் அசையவில்லை. கண்ணுக்குத் தெரியாத அவள் விரல்களை ஏதோ ஒன்று மீசையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.