திருவிருந்துக்கு எழாதவள்

“பத்து மாசமாச்சு ஐயா. திருவிருந்துல அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து போறாங்க. டெய்லரம்மா மட்டும் காலை ஒதுக்கி வழி விட்டுட்டு அப்படியே உக்காந்திருக்கா.”

ஆராதனை முடிந்து அங்கியை மடித்துக்கொண்டிருந்த போதகர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றவர் பெண்கள் கூட்டத்தின் செயலாளர். பதினெட்டு வருஷமாக அந்தப் பதவி அவரைவிட்டு நகராததால் சபையில் எல்லாருக்கும் அவர் ‘செயலாளர் அக்கா’.

“ஞானஸ்நானம் வாங்கி மூணு வருஷம்கூட ஆகல. உள்ளுக்குள்ள ஏதோ பாவம் அரிக்குது. இல்லேன்னா ஏன் ஒதுங்கணும்? நாலு பேர் வாயில விழறதுக்கு முன்னாடி நாம விசாரிச்சுடறது நல்லது.”

“காரணம் எனக்குத் தெரியும்.”

“என்ன ஐயா?” அவர் ஓரடி நெருங்கி வந்தார்.

“அவங்க என்னை நம்பிச் சொன்னது. நீங்களே போய்க் கேளுங்க. கேட்டது உங்களோடவே இருக்கட்டும்.”

மறுநாள் தான் வேலை பார்க்கும் தபால் ஆபீஸில் கவுண்டரை மூடியதும், கணவருடைய பேண்ட் ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு செயலாளர் அக்கா நேராக டெய்லரம்மா வீட்டு முன்னறையிலிருந்த தையல் கடைக்குப் போனார்.

“கால் நீளம் ரெண்டு விரல் குறைக்கணும்மா.”

டெய்லரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுப் பேண்டை விரித்துப் பார்த்தாள்.

“போன மாசம் நான்தானேக்கா இதைக் குறைச்சுக் கொடுத்தேன்? இன்னும் குறைச்சா அண்ணன் அரை டிராயரோடதான் ஆபீஸ் போகணும்.”

செயலாளர் அக்கா அசடு வழிந்தார்.

“சரி, மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு மறைக்க எனக்கு வராது. நேராவே கேக்கறேன். நீ ஏன் திருவிருந்து எடுக்கறதில்ல?”

தையல் மிஷின் மேல் பேண்ட் அப்படியே கிடந்தது. டெய்லரம்மா குண்டூசிகளைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

“ஒருத்தர் மேல கோபம்க்கா. உள்ள அவ்வளவு கசப்பை வெச்சுக்கிட்டு அங்க போய்க் கை நீட்ட முடியல.”

“கோபமா! நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். யார் மேல? நம்ம சபை ஆளா?”

“ஆமா. வீட்டு விஷயம் ஒண்ணை நம்பிச் சொன்னேன். வெளிய விட்டுட்டாங்க.”

“அப்படிப்பட்டவங்க இருக்கற இடத்துல நீ ஏன் இன்னும் இருக்கே?”

“என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார், வேற சபைக்குப் போயிடலாம்னு. நான்தான் மாட்டேன்னுட்டேன். அங்க எனக்கு யார் மேலயும் கோபம் இருக்காது. அப்புறம் மன்னிக்க எங்கக்கா கத்துக்கறது?”

டெய்லரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“முதல் மாசம் அவங்க பாட ஆரம்பிச்சாலே எனக்கு வயிறு எரியும். வேணும்னே அவங்க கண்ணுல படற இடமாப் பாத்து உக்காருவேன். தினமும் அவங்களுக்காக ஜெபம் பண்ணுவேன், பல்லைக் கடிச்சுட்டுதான். இப்ப அவங்க இருமினா, தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கலாமான்னு தோணுது. இன்னும் கொஞ்ச தூரம்தான். எப்படியும் போய்ச் சேந்துடுவேன்.”

செயலாளர் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்திலேயே ஆத்திரமும் வந்தது.

“நீ ஏன் இப்படித் தனியாத் தவிக்கணும்? தப்புப் பண்ணவங்க நிம்மதியா எழுந்து போய்த் திருவிருந்து எடுக்கறாங்க! பேரைச் சொல்லு. யாரா இருந்தாலும் சரி, இந்த வாரமே உன் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தலேன்னா நான் செயலாளரே இல்ல.”

டெய்லரம்மா நாற்காலியில் கிடந்த வெட்டுத்துணிகளை ஒதுக்கிவிட்டு, அதை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“வந்துட்டீங்கக்கா. உக்காருங்க.”

செயலாளர் அக்காவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்தபோது முகம் வெளுத்தது.

“நானா...?”

“என் பொண்ணு மனசு சரியில்லாம டாக்டர்கிட்ட போறான்னு உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அடுத்த கூட்டத்துலயே எல்லார் முன்னாடியும் அதை ஜெபக் குறிப்பாச் சொல்லிட்டீங்க.”

“நான் பேர் சொல்லலையேம்மா! ‘ஒரு சகோதரியோட மகள்’னுதானே சொன்னேன்?”

“நம்ம சபையில அந்த வயசுல பொண்ணுங்களே மூணு பேர்தானேக்கா? அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்லயே ரெண்டு பேர் அவளை நிறுத்தி, ‘மாத்திரையை நிறுத்திட்டியா, இன்னும் சாப்பிடறியா’ன்னு கேட்டாங்க. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போனவதான்.”

“அவ இப்ப வர்றதில்லையா?”

“பத்து மாசமா நான் எழுந்திருக்காததை எண்ணினீங்க. அவ வராததை யாருமே எண்ணலையேக்கா.”

குரல் ஒரு இழைகூட உயரவில்லை. டெய்லரம்மா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இதை உங்க முகத்தைப் பாத்து, கத்தாம சொல்றதுக்குத்தான் எனக்கு இத்தனை நாள் பிடிச்சுது.”

செயலாளர் அக்கா பேண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“என்னை மன்னிச்சுடும்மா” என்றார் கடைசியில். “உன் பொண்ணு வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவா?”

“ஆறரை ஆகும். ஆனா வேணாம்க்கா, உங்களைக் கண்டாலே அவ கதவைச் சாத்திடுவா.”

செயலாளர் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சாத்தட்டும். நாளைக்கும் வர்றேன்.”