முப்பத்தெட்டு நிமிடம்

கதவைத் தட்டுகிற பொறுமையெல்லாம் டிரைவருக்கு இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

திட்டப் பிரிவில் ஒரு பெண்தான் இருந்தாள். வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்கும் அந்த ஆலைக்கு எந்த லாரி எப்போது வரவேண்டும் என்று பார்ப்பவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது.

அந்த வாரத்து லாரி அட்டவணையை அவள் மேசையில் ஓங்கி அறைந்தார்.

"கிடங்குல இருந்து ஆலைக்கு முப்பத்தெட்டு நிமிஷமாம்! எவன் மேடம் இதைக் கணக்குப் போட்டது? அவனை ஒரு நாள் என் லாரில ஏத்தி விடுங்க, நான் பாத்துக்கறேன்."

நாற்பது கிலோமீட்டர். பாதி தூரம் குண்டும் குழியும். வண்டி தாங்குகிற உயரத்துக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டு வளைவுகளில் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். போன மாதம் வரை யாரும் நேரம் பார்த்ததில்லை. வைக்கோல் எங்கேயும் தேங்கக்கூடாது என்று மேலிடம் ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டது. அதிலிருந்து மூன்று முறை தாமதமானால் லாரி பட்டியலை விட்டுப் போய்விடும்.

இன்னொரு லாரி ஓட்டும் நெட்டைக்கு இரண்டு முறை தாமதம் ஆகியிருந்தது. மூன்றாவதைத் தவிர்க்கத்தான் நேற்று அப்படி விரட்டிக்கொண்டு போனான். பாலத்து வளைவில் லாரி கவிழ்ந்துவிட்டது.

பதினைந்து வருடக் கூட்டாளி. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, ஆஸ்பத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். இவர் போய் நின்றபோது, "லேட்டாயிடுச்சுடா" என்றான். அதைக் கேட்டுவிட்டு டிரைவர் நேரே இங்கே வந்திருந்தார்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. அது வேறு இவர் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

"நாங்க யாரும் போடல அண்ணே. லாரிங்கள்ல மாட்டியிருக்கற கருவில பழைய பதிவெல்லாம் இருக்கு; அந்த ரோட்டுல ஓடினதுலயே வேகமான ஓட்டம் எதுவோ, அதை மென்பொருள் தானா எடுத்துக்கும். ஒருத்தர் ஓட்டியிருக்காரே."

"எந்தப் புண்ணியவான் அது? காட்டுங்க."

புது லாரி வாங்கிய கையோடு ரோட்டில் பறக்கிற இரண்டு மூன்று முகங்கள் அவருக்குள் ஓடின. யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நெட்டையின் கட்டிலுக்கு முன்னால் நிறுத்துவது என்று முடிவே செய்துவிட்டார்.

அவள் திரையைத் திருப்பினாள். போன அறுவடைக் காலத்தில் ஒரு மத்தியானம். எடை என்ற கட்டம் காலியாக இருந்தது.

லோடை எடை போடும் எடைப்பாலத்தில் நிற்காமல் வண்டி நேரே உள்ளே போயிருக்கிறது, இயந்திரக் கோளாறு என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள் என்றாள்.

டிரைவர் வண்டி எண்ணைப் படித்தார்.

அவருடைய எண்.

பிறகு தேதியைப் படித்தார். யார் சட்டையையோ பிடிக்கக் காத்திருந்த கை தொங்கிப்போயிற்று.

அன்று அவர் மனைவி கிடங்கில் வைக்கோல் போருக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். நாற்பது கிலோமீட்டருக்குள் டாக்டர் என்றால் ஆலையில் இருந்தவர்தான். கையில் இருந்ததோ காலி லாரி. பக்கத்து சீட்டில் அவளைச் சாய்த்துவிட்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை. வண்டியில் மாட்டியிருந்த கருவி பார்த்திருக்கிறது.

"அதை அழிச்சிடுங்கம்மா. அது லோடு இல்ல. என் பொண்டாட்டி."

அவள் அந்த வரியை நீக்கினாள். அடுத்த வேகமான ஓட்டம் மேலே வந்தது: ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம்.

அவ்வளவுதான். ஒரு விரல் வேலை. இதற்கு ஒருவன் கால் உடைய வேண்டியிருந்ததா என்று அவருக்கு அந்த அறையையே அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யாமல் வெளியே வந்தார்.

அன்று ஆலை வாசலில் மனைவியின் நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டரும், இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாமே என்றுதான் சொன்னார்.