மூன்று கீல்

தட்டினான். பதில் இல்லை.

"செண்பகம்."

உள்ளே குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிகிற சத்தம்.

சற்று முன் பொத்தென்று ஏதோ விழுந்தது. கையில் அள்ளிய பொரியோடு ஓடிவந்திருந்தான்.

குளியலறைக் கதவின் பிடியைப் பற்றி இழுத்தான். கதவு அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். பிடி ஆணியோடு கழன்று கைக்கு வந்தது.

எட்டாம் மாசம். போன வெள்ளிதான் வளைகாப்பு. பூஜை முடிந்து நாளைக்குத் தாய்வீடு போகவேண்டியவள்.

கதவில் காதை வைத்தான். இரண்டு கை நிறைய வளையல். கொஞ்சம் அசைந்தாலும் கேட்கும்.

கேட்கவில்லை.

"பேச வேண்டாம். உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டு, போதும்."

தண்ணீர் கொட்டியது.

பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழைக்குக் கதவு உப்பிப்போச்சு, அடியில பிடிக்குது, கொஞ்சம் இழைச்சு விடுங்க. பூஜை கழியட்டும் என்றான். அதே பத்து நாளில் அடுத்த தெருவில் நாலு வீட்டுக் கதவை இழைத்துக் கொடுத்தான். அங்கெல்லாம் ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. கெட்டிக்காரத் தச்சன்தான். வீட்டுக் கதவுக்கு மட்டும் நேரமில்லை.

உதைக்கலாம். ஆனால் கதவு வெளிப்பக்கம் திறப்பது. உதைத்தால் நிலையில் முட்டி நிற்கும். மீறி உடைந்தால் அவள் மேல்தான் விழும்.

கீலைத்தான் கழற்றவேண்டும். மூன்று கீல். மூன்றும் வெளிப்பக்கம்.

கூடத்துக்கு ஓடினான்.

நின்றான்.

பலகை மேல் அத்தனையும் வரிசையாக இருந்தன. உளி, சுத்தியல், ரம்பம், இழைப்புளி, திருப்புளி. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், ஈரம் காயாத குங்குமம், மேலே ஒரு செவ்வந்தி. ஆயுத பூஜை முடிந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

நாளைக் காலை மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது. ஒரு வருஷம் தொட்டதற்குத்தான் அப்பாவுக்கு விரல் போனது என்று அம்மா வருஷம் தவறாமல் சொல்வாள். பக்கத்து வீட்டில் கேட்டுப் பயனில்லை. தெருவில் இருக்கிற இரும்பெல்லாம் இன்றைக்குச் சாமிக்கு முன்னால்.

கையை நீட்டினான். தொடவில்லை. தன் விரல் போனால் போகட்டும். அது அவளுக்குப் போய்ச் சேர்ந்தால்?

அம்மா வந்தாள். அவனைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். குனிந்து சுத்தியலையும் உளியையும் தானே எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"பிடில. நான் சாமிகிட்ட சொல்லிக்கிடுதேன்."

மேல் கீல். கம்பிக்குக் கீழே உளியை வைத்துத் தட்டினான். நாலாவது அடியில் கம்பி எழும்பியது. உருவிப் போட்டான்.

நடுக் கீல் முரண்டு பிடித்தது. அம்மா விளக்கெண்ணெயை அப்படியே ஊற்றினாள். வந்தது.

கீழ்க் கீல் துருவேறிக் கிடந்தது. தண்ணீர் பட்டுப் பட்டுக் கம்பியும் கீலும் ஒன்றாகிவிட்டிருந்தன. அடித்தான். உளி வழுக்கியது. மறுபடி அடித்தான். கை வியர்த்துச் சுத்தியல் நழுவியது. வேட்டியில் துடைக்கவும் பொறுமையில்லை. இந்த ஒரு கீலை அவன் எத்தனை தடவை பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டே குளிக்க உள்ளே போயிருக்கிறான்.

உள்ளே வளையல் ஒன்று தரையில் உரசியது.

அவ்வளவுதான். அப்புறம் இல்லை.

உளியைக் கீலுக்கும் மரத்துக்கும் நடுவில் செருகி நெம்பினான். அடிப்பலகை இற்றுப்போயிருந்தது. மரம் பொலபொலவென்று உதிர, திருகாணிகள் அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்தன. கதவைக் கட்டிப்பிடித்துத் தன் பக்கமாகச் சாய்த்து எடுத்தான்.

தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. வெளியே வரத்தான் பார்த்திருக்கிறாள். கதவு விடவில்லை.

சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை வயிற்றின் கீழே. கண் பாதி திறந்திருந்தது.

"தள்ளினேன்... வழுக்கிருச்சு" என்றாள்.

தூக்கினான். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக் கூடத்துக் கோரைப்பாயில் கிடத்தினான். அம்மா வாசலுக்கு ஓடி ஆட்டோவுக்குக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

திரும்பியவள் அங்கேயே நின்றுவிட்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவனும் அப்போதுதான் பார்த்தான்.

நனைந்த நைட்டியில், வயிற்றின் மேல், சிவப்பு. ஈரத்தில் கரைந்து மடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். தொட்டேனே, தொட்டேனே என்று அவன் உதடு முனகியது.

செண்பகம் தலையைத் தூக்கித் தன்னைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள்.

உள்ளங்கை முழுக்கக் குங்குமம். சுத்தியல் பிடியிலிருந்து வழித்து எடுத்தது, வியர்வையில் குழைந்து கிடந்தது.

வெளியே வாழைக்கன்று கட்டிய ஆட்டோ ஒன்று வந்து நின்று உறுமியது.

எழப்போனான். அவள் விடவில்லை. அந்தக் கையை எடுத்து, கறை பட்ட அதே இடத்தில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். முகத்தில் பயம் அப்படியே இருந்தது.

"இருங்க. விழுந்ததிலிருந்து அசையல."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அம்மா பூஜைப் பலகையின் பக்கம் பார்க்கவே இல்லை. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

உள்ளேயிருந்து ஒரு தட்டு.