விசிலுக்குப் பிறகு ஒரு நிமிடம்

மலையில் தொலைந்தவரைத் தேடும்போது, விசில் ஊதிவிட்டு ஒரு நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. பதில் குரலுக்கான நிமிடம் அது. அதில்தான் நான் ஜோக்கடித்தேன். என் ஜோக்குக்குத் தன்னார்வலர்கள் ஐந்து பேரும் சிரித்தது அன்று ஒருநாள்தான். சிரித்து ஓய்ந்ததும் அடுத்த சரிவுக்குப் போய்விட்டோம். இரண்டு நாள் கழித்து, நாங்கள் தேடிய ஞானசேகர் நான் ஜோக்கடித்த சரிவிலேயே பாறையிடுக்கில் கிடைத்தார். நசுங்கிய காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

“அவர் கூப்பிட்டிருப்பாரோ?” என்று குழுவில் கேட்டால், “மயக்கத்துல இருந்திருப்பாரு, விடுண்ணே” என்பார்கள்.

ஒரு கிலோ ஆரஞ்சோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடமே கேட்டேன்.

“மூணு தடவ கூப்பிட்டேங்க,” என்றார். “நீங்க சிரிச்சு முடிக்கட்டும்னு பாத்தேன். அதுக்கப்புறம் குரல் வரல.”